மயிலை ஆற்றில் இறக்கியவர்

இலங்கை மலைநாட்டில், மேகம் வந்து சன்னலைத் தொடுகிற உயரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அதன் தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. பொழுது விடிந்து, ஆட்களை வேலைக்கு அழைக்கும் தப்புச் சத்தம் கேட்டதும் அங்கே சுத்தியல் சத்தம் தொடங்கிவிடும். ஒவ்வோர் அடியோடும் ஒரு குரல் கேட்கும்: முருகா. ஆணி பாதியில் நின்றால் முருகா. பலகைக்குள் முழுதாய் இறங்கிவிட்டால் இன்னும் உரக்க முருகா. தேயிலை அடைக்கும் பெட்டிகளைச் செய்வதுதான் அங்கே வேலை. செய்தவர் ஆறுமுக நயினார் ஆசாரி.

தச்சு வேலையில் அதைவிடக் கீழான வேலை கிடையாது என்று அவருடைய சொந்தக்காரர்களே சொல்வார்கள். செதுக்கு வேலை இல்லை, கை நயம் வேண்டியதில்லை. பலகைகளைச் சேர்த்து ஆணி அடித்தால் தீர்ந்தது. கப்பலில் போய்ச் சேர்ந்த ஊரில் பெட்டியை உடைத்து அடுப்பில் வைப்பார்கள். நயினாருக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியையும் முடித்த பிறகு, சுவாமி புறப்பாட்டைப் பார்க்கிறவர் போலச் சற்றுப் பின்னால் நகர்ந்து நின்று, கண் மலரப் பார்ப்பார்.

தோட்டத்துக் கங்காணிக்கு இது நல்ல வேடிக்கை. "ஆசாரி, சீமையில தொர தேத்தண்ணி குடிக்கையில ஒங்க முருகனையும் சேத்துல்ல குடிக்காரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். நயினாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். "குடிக்கட்டும். தொரைக்கும் நல்லதுதானே" என்பார்.

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் கலப்பையும் கதவும் செய்து பிழைத்த குடும்பம் அவருடையது. மழை பொய்த்து, கலப்பை கேட்க ஆளில்லாமல் போனபோது, புது மனைவி சங்கரவடிவம்மாளை அழைத்துக்கொண்டு தூத்துக்குடியில் கப்பல் ஏறினார். கூட வந்தவர்கள் ஊரை நினைத்து அழுதார்கள். நயினாரோ மலை ஏறும் ரயிலில் தலையை வெளியே நீட்டி, வழியெல்லாம் மரங்களைப் பார்த்துத் துள்ளிக்கொண்டே வந்தார். பேர் தெரியாத மரங்கள், உளி படாத மரங்கள். "வடிவு, முருகன் நமக்கு முந்தியே இங்க வந்து காடா நிக்கான் பாரு" என்றாராம். அந்த அம்மாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இந்த மனிதரோடு எந்த ஊருக்குப் போனாலும் பயமில்லை என்று.

நயினாருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. முருகன் ஏறி வருவதற்கு ஒரு மயில் வாகனம் தம் கையால் செய்ய வேண்டும். மலைநாட்டுக் கோயில் ஒன்றில் போய்க் கேட்டார். பெட்டி அடிக்கிற ஆசாரிக்கு வாகனம் கேட்கிறதா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து, அன்றைக்கு அடிக்க வேண்டிய பெட்டிகளை அடித்து முடித்தார். அவர் கூவிய எந்த முருகாவிலும் ஒரு குறை தெரியவில்லை.

சில வருடங்களில், வெட்டிச் சீராக்கிய மெல்லிய பலகைகள் வெளிநாட்டிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கின. பெட்டி ஆசாரிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லோரும் ஊர் திரும்பியபோது நயினார் மட்டும் வேறு பேச்சுப் பேசினார். பர்மாவில் தேக்கு மரம் ஆற்றில் மிதந்து வருமாம். கரையில் நின்றால் போதுமாம். சொல்லும்போதே அவர் கை பரபரத்தது. சங்கரவடிவம்மாள் மூட்டையைக் கட்டினார்.

ஐராவதி ஆற்றங்கரையில் ஒரு ஊரில், படகு கட்டும் பட்டறையில் நயினாருக்கு வேலை கிடைத்தது. தண்ணீர் புகாதபடி பலகையோடு பலகையைப் பொருத்தவும், இடுக்கில் குங்கிலியம் காய்ச்சி ஊற்றவும் அங்கேதான் கற்றார். அந்த ஊரில் தமிழர்கள் கட்டிய சிறிய முருகன் கோயில் ஒன்று இருந்தது. அரிசி வியாபாரி வைத்திலிங்கம் பிள்ளை அதன் தர்மகர்த்தா. சாமிநாத குருக்கள் பூசை செய்தார். உற்சவ மூர்த்தி இருந்தார், ஆனால் ஏறி வர வாகனம் இல்லை. நயினார் போய்க் கைகட்டி நின்று கேட்டார். செலவில்லாமல் கிடைக்கிறதை ஏன் விட வேண்டும் என்று பிள்ளை சம்மதித்தார்.

அப்புறம் நயினாருக்குத் தரையில் கால் பாவவில்லை. பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்த மாலைகளில் செதுக்கினார். தூக்குகிறவர்களின் தோள் நோகக் கூடாது என்று, மயிலின் உடலைப் படகு போல உள்ளே கூடாகச் செய்தார். மழையில் புறப்பாடு வந்தால் நனையக் கூடாது என்று இடுக்கெல்லாம் குங்கிலியம் பூசினார். பின்னால் விரிந்த தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் திறந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊரார் அதைச் சாடையாகச் சொல்லும்போதெல்லாம் சங்கரவடிவம்மாள் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு போய் அந்த மயிலைத் துடைத்துவிடுவார்.

சில வருட உழைப்புக்குப் பிறகு, ஒரு பங்குனி உத்திரத்தன்று முருகன் அந்த மயில் மேல் ஏறித் தெருவுக்கு வந்தபோது, பர்மாக்காரர்கள்கூடக் கடையை விட்டு இறங்கி ஓடி வந்தார்கள். கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு, சிறு பிள்ளையைப் போல எம்பி எம்பிப் பார்த்தவர் நயினார். செய்தவர் இவர்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைதான் மாலை மரியாதையை வாங்கிக்கொண்டார். நயினாருக்கு அது கண்ணிலேயே படவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. வானத்திலிருந்து குண்டு விழுந்து கடைத்தெரு எரிந்தது. கப்பல் இல்லை, ரயில் இல்லை. இந்தியாவுக்குக் காட்டு வழியாக நடந்துதான் போக வேண்டும் என்றார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பின. வீட்டையும் அரிசிக் கிடங்கையும் விட்டுவிட்ட வைத்திலிங்கம் பிள்ளை, சுவாமியை விடச் சம்மதிக்கவில்லை. ஒரு மாட்டு வண்டியில் மூர்த்தியை மடியில் அணைத்தபடி குருக்கள். இன்னொரு வண்டியில் மயில் வாகனம். அந்த வண்டியின் பின்னால் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நயினாரும் அவர் மனைவியும் நடந்தார்கள்.

காட்டுக்குள் ஒரு ஆறு குறுக்கிட்டது. முன்னே போனவர்கள் கரையில் இருந்த மூங்கிலையெல்லாம் வெட்டித் தெப்பம் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மிஞ்சியது ஒரே தெப்பம். காய்ச்சல்காரர்களையும் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றி அனுப்பினார்கள். சங்கரவடிவம்மாள் மட்டும் கணவரோடு வருகிறேன் என்று மயில் வண்டிப் பக்கமே நின்றுகொண்டார். தெப்பம் நடு ஆற்றுக்குப் போனபோது மலையில் பெய்த மழை வெள்ளமாகத் திரண்டு வந்தது. அதில் உருண்டு வந்த ஒரு பெருங்கட்டை தெப்பத்தில் மோத, மூங்கில்கள் நாலா பக்கமும் சிதறின. ஆற்றின் நடுவே துருத்திக்கொண்டு நின்ற ஒரு பாறையை எப்படியோ பிடித்து எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பாறை சுருங்கிக்கொண்டே வந்தது.

கரையில் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். நீந்திப் பார்த்த இளைஞன் ஒருவனை வெள்ளம் புரட்டிக் கரையிலேயே எறிந்தது. மரம் வெட்டிப் படகு செய்ய நேரமில்லை. பச்சை மரம் மிதக்கவும் மிதக்காது. நயினார் ஆற்றைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், பிறகு திரும்பி வண்டியைப் பார்த்தார். காய்ந்த தேக்கு. உள்ளே கூடு. இடுக்கெல்லாம் குங்கிலியம். தாம் இத்தனை வருடம் செய்தது ஒரு படகு என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் விரிந்த தோகையோடு அதை ஆற்றில் விட முடியாது; வெள்ளம் தோகையைப் பிடித்துப் புரட்டிவிடும். தோகையை வெட்ட வேண்டும். அவர் கை கோடாலியில் பட்டுப் பட்டு மீண்டது. பக்கத்தில் வந்து நின்ற சங்கரவடிவம்மாள் கோடாலியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"வெட்டுங்க. முருகன் கேட்டா, நாந்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லுதேன்."

முதல் வெட்டு விழுந்த சத்தத்தில் பிள்ளை ஓடி வந்தார். நயினாரின் கையைப் பிடித்து இழுத்தார். "வேய் ஆசாரி, கைய எடும். அது சாமி ஏறுத இடம்வே."

"சாமி ஏறுத இடந்தான் அய்யா" என்றார் நயினார். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அந்தப் பாறையில நின்னு அழுதது ஆருன்னு நெனைக்கிய?"

தோகை விழுந்தது. பீடம் கழன்றது. வண்டிக் கயிறுகளை முடிந்து, ஒரு நுனியை மரத்தில் கட்டி, மறு நுனியை மயிலின் கழுத்தில் சுற்றினார். முருகா என்று ஒரே ஒரு முறை கூவி, மயிலை ஆற்றில் தள்ளி, தாமும் குதித்தார். கரையிலிருந்து சங்கரவடிவம்மாளும் ஆண்களும் கயிற்றை விட்டு விட்டுப் பிடித்தார்கள். தங்கப் பூச்சு மின்ன, மரத்தாலான அந்த மயில் தலையை நிமிர்த்திக்கொண்டு வெள்ளத்தைக் கிழித்தது. பக்கவாட்டில் தொங்கிக் காலால் உதைத்துச் செலுத்தினார் நயினார். பாறையில் இருந்தவர்கள் அழுகையை மறந்து வாய் பிளந்து நின்றார்கள்.

முருகன் அமரும் இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்து வந்தார்கள். காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளி ஒருவர் மயிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். நிறைமாதக்காரி ஒருத்தி வந்தாள். போவதும் வருவதுமாக நயினாருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவரின் வெறி. கடைசியாக ஒரு கிழவரைக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பாறை இருந்த இடத்தில் தண்ணீர்தான் சுழன்றது. அந்த நேரம் கயிறு அறுந்தது. மயில் ஒரு சுற்றுச் சுற்றி, வெள்ளத்தோடு போய் வளைவில் மறைந்தது.

ஒருவர்கூடச் சாகவில்லை. ஆயினும் பிள்ளை அன்று போட்ட சத்தம் ஆற்றிரைச்சலை மிஞ்சியது. சுவாமியின் வாகனத்தைக் கோடாலியால் வெட்டினான், கண்டவர்களையும் ஏற்றினான், கடைசியில் ஆற்றோடு விட்டான். இந்தப் பாவம் இவன் குடியைச் சும்மா விடாது என்றார். குருக்கள் மட்டும் மடியில் இருந்த மூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிந்து ஆற்றைக் கடந்த பிறகு, மலைப்பாதையில் காலரா பரவியது. சங்கரவடிவம்மாள் ஒரே பகலில் துவண்டு விழுந்தார். பாதையோரத்தில் ஒரு மரத்தடியில் நயினாரின் மடியில் உயிர் பிரிந்தது. பாவம் பலித்துவிட்டது என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நயினார் காதில் அது விழுந்தது. அவர் தம் கையாலேயே குழி தோண்டி, மண்ணை மூடி, மேலே ஒரு மரத்துண்டில் வேல் செதுக்கி நட்டார். எழுந்து நடந்தபோது பக்கத்தில் வந்தவரிடம், "எனக்காகப் பதில் சொல்லுதேன்னு சொன்னா. முந்திக்கிட்டுச் சொல்லப் போயிட்டா" என்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உதடு முருகன் பேரைச் சொல்வதை விடவில்லை.

தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்து பார்த்தால், செய்தி அவருக்கு முன்னே வந்திருந்தது. கோயில் தேருக்குச் சக்கரம் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கருவிப் பையோடு போய் நின்றார். மயிலை வெட்டினவன் கை தேர் மேல் படக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். யுத்தம் முடியும் வரை ஏணியும் உரல் உலக்கையும் செய்து காலம் தள்ளினார். மலேயாவில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டதும், தலை நரைத்த அந்த வயதில், நாகப்பட்டினத்தில் மறுபடியும் கப்பல் ஏறினார். கப்பலில் இருந்தவர்கள், இந்த வயதில் எதற்குப் பெரியவரே என்று கேட்டார்களாம். மலேயாவில் என்ன மரம் இருக்கும் என்று அவர் அவர்களைத் திருப்பிக் கேட்டாராம்.

கட்டட வேலை என்று போன இடத்தில் வேலை கிடைக்கவில்லை. ஒரு துறைமுக ஊரில், லிம் என்ற சீன முதலாளியின் சவப்பெட்டிக் கடையில்தான் சேர முடிந்தது. தேயிலைப் பெட்டியாவது பரவாயில்லை. பிணப்பெட்டி செய்கிறவரோடு உட்கார்ந்து காப்பி குடிக்கக்கூடத் தமிழர்கள் கூசினார்கள். நயினார் கூசவில்லை. யாரோ ஒருவர் கடைசியாகப் படுக்கப் போகிற இடம் என்று உட்புறத்தையும் வழவழவென்று இழைத்தார். சீனக் கடைக்குள்ளிருந்து நாளெல்லாம் முருகா முருகா என்று கேட்கும். லிம் முதலாளிக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், கனத்த பலகையைத் தூக்கும்போது அவரும் சொல்லப் பழகிக்கொண்டார்.

அந்த ஊரிலும் முருகன் கோயில் இருந்தது. நயினார் ஆவலோடு ஓடினார். கோயில் வாசலில் தர்மகர்த்தாவாக நின்றவர் வைத்திலிங்கம் பிள்ளை. பர்மாவில் எல்லாவற்றையும் இழந்த பிள்ளை, அந்த ஊரில் கடை வைத்திருந்த தம் தம்பியிடம் வந்து சேர்ந்திருந்தார். சாமிநாத குருக்களும், காட்டு வழியே கொண்டுவந்த அதே உற்சவ மூர்த்தியும் அவரோடு வந்திருந்தார்கள். நயினாரைக் கண்டதும் பிள்ளையின் முகம் மாறியது. உள்ளே வரக் கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நயினார் தினமும் விடியலில் குளித்துவிட்டு, கோயிலுக்கு எதிரே சாலையின் மறுபக்கத்தில் நின்று கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். லாரி குறுக்கே நின்றால் அது நகரும் வரை காத்திருப்பார். மனம் கசந்ததே இல்லை. முருகன் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறானே என்ற பூரிப்புத்தான்.

பல வருடங்கள் இப்படிக் கழிந்த பிறகு ஒரு தைப்பூசத்துக்கு, தஞ்சாவூர்ப் பக்கத்தில் செய்து வெள்ளித் தகடு போர்த்திய புது மயில் வாகனம் ஒன்றைப் பிள்ளை கப்பலில் வரவழைத்தார். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஜனம் வந்து குவிந்தது. காவடிகள் வரிசை கட்டின. உற்சவரை அலங்கரித்து, புது வாகனத்தில் ஏற்றிக் கட்டினார்கள். நாதசுரம் முழங்க, வாட்டசாட்டமான ஆட்கள் தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். வாகனம் எழவில்லை. இன்னும் ஆட்கள் சேர்ந்தார்கள். தண்டு முறிந்தது. வேறு தண்டு போட்டார்கள், அதுவும் முறிந்தது. நாதசுரம் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது வைத்திலிங்கம் பிள்ளை நடுங்கத் தொடங்கினார். வாழ்நாளில் ஒருமுறைகூட அருள் வந்தறியாத மனிதர். பட்டு அங்கவஸ்திரம் நழுவி விழ, கண் செருக, அவர் வாயிலிருந்து வந்த குரல் அவருடைய குரலாக இல்லை.

"என் மயில ஆத்துல எறக்குனவன் எங்க? அவன் வராம நான் வாசல் தாண்ட மாட்டேன்."

ஜனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது குருக்கள் ஒருவருக்குத்தான். அந்த முதியவர் பூசைக் கோலத்தோடு, வெறுங்காலோடு, கொதிக்கிற தார்ச்சாலையில் சவப்பெட்டிக் கடைக்கு ஓடினார். நயினார் ஒரு பெட்டியின் மூடியை இழைத்துக்கொண்டிருந்தார். தோளெல்லாம் மரத்தூள்.

"ஆசாரி, சுவாமி உம்மைக் கூப்பிடறார். எழுந்திரும்."

நயினார் பதறிப்போனார். பிணப்பெட்டி தொட்ட கையோடு எப்படி வருவது, குளித்துவிட்டாவது வருகிறேன் என்றார். குருக்கள் அவர் கையைப் பற்றி இழுத்தார். கையில் இருந்த வேலை பாதியில் நிற்கிறதே என்று நயினார் முதலாளியைப் பார்த்தார். லிம் முதலாளி தமக்குத் தெரிந்த தமிழில், "நீ போ. இவன் செத்தாச்சு, அவசரம் இல்லை" என்றார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. மலேயா வந்த பிறகு முதல் முறையாக நயினார் அந்த வாசலைத் தாண்டினார். பல வருடம் சாலைக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்த முகத்தை அருகில் கண்டதும் அப்படியே தரையில் விழுந்தார்.

"மயிலு ஆத்தோட போயிட்டே முருகா. நான் எதக் கொண்டாந்து குடுப்பேன்?"

பிள்ளையின் வாயிலிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது. "தோளக் குடு."

குருக்கள் தயங்கவில்லை. வெள்ளி மயிலிலிருந்து கட்டவிழ்த்து, உற்சவ மூர்த்தியைத் தூக்கி, மரத்தூள் படிந்த அந்தத் தோளில் அமர்த்தினார். பல பேர் சேர்ந்து தூக்க முடியாத மூர்த்தி அந்தக் கிழவரின் தோளில், அப்பன் தோளில் ஏறிய பிள்ளையைப் போல உட்கார்ந்தார். நயினார் எழுந்தார். நாதசுரம் வெடித்துக் கிளம்பியது. அரோகரா என்ற ஓசை துறைமுகம் வரைக்கும் போய், கப்பலில் நின்றவர்கள் என்னவென்று திரும்பிப் பார்த்தார்களாம்.

அவர் நடக்கவில்லை, ஆடினார். கழுத்தை வெட்டி வெட்டி, தோளைக் குலுக்காமல், மயில் ஆடுவதைப் போலவே தெரு முழுக்க ஆடிக்கொண்டு போனார். சீனர் கடைகளில் ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். அவருக்குப் பின்னால் வெட்டுப்பட்ட தோகை முழுதாக விரிந்து நின்றதைப் பார்த்தோம் என்று, அன்று காவடி எடுத்தவர்கள் பலர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்குகிற வரையில் சுவாமியைத் தோள் மாற்றவே இல்லை. களைப்பும் தெரியவில்லை.

கோயிலுக்குத் திரும்பியபோது பிள்ளை தன்னிலைக்கு வந்திருந்தார். ஊர் பார்க்க நயினாரின் காலில் விழுந்தார். நயினார் அவசரமாகக் குனிந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். "நீங்க சாமிக்காகத்தான அய்யா கோவப்பட்டிய. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல" என்றார். பிள்ளை குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கோயிலிலேயே இருந்துவிடுங்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நயினார் மறுநாள் காலையில் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு, பாதியில் விட்ட மூடியை முடிக்கச் சவப்பெட்டிக் கடைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் தோள்தான் முருகனுக்கு வாகனமாக இருந்தது. வெள்ளி மயில் கோயிலின் ஓர் ஓரத்தில் சும்மா நின்றது.

கடல் கடலாகத் தாண்டிப் போன ஒரு பெட்டி ஆசாரியை, அவர் போன ஊருக்கெல்லாம் தேடிக்கொண்டு போயிருக்கிறான் முருகன். உயிருக்குத் தவித்தவர்களை அவன் அமரும் இடத்தில் ஏற்றிய நயினார் அடியாரின் அந்த மரத்தூள் படிந்த தோளை நினைக்கும்போது, நம் தலை தானாகவே தாழ்கிறது.